தமிழ் தெரியாத சாமியாரின் வரிசை

எங்கள் கோயிலில் சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்கு இரண்டு தொட்டிகள் திறந்திருக்கும். தொட்டி என்றால் மரக்கூண்டு. உள்ளே சாமியார் உட்கார்ந்திருப்பார். வெளியே நாம் முழந்தாள் போட்டு, நடுவில் இருக்கும் சல்லடைக்கு வாயைக் கொடுத்து, செய்த பாவங்களைச் சொல்ல வேண்டும். அவர் மன்னிப்புக் கொடுத்து, அபராதமாக இன்ன செபம் சொல் என்று அனுப்பி வைப்பார். வலப்பக்கத் தொட்டியில் பங்குச் சாமியார், அதாவது எங்கள் வட்டாரக் கோயிலுக்குப் பொறுப்பானவர். வயதானவர், தமிழர், எங்களுக்குப் பெரிய சாமி. இடப்பக்கத்தில் அவருக்கு உதவியாக வந்திருந்த இளைஞர், சின்னச் சாமி. மங்களூர்க்காரர். வீட்டில் கொங்கணி, வெளியில் கன்னடம். தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே வார்த்தை வணக்கம். அதையும் ஆள் கிளம்பிப் போகும்போதுதான் சொல்வார்.

மைசூரில் தமிழ்ப் பூசைக்கு வருகிற நாங்கள் யாரிடம் போயிருப்போம் என்று நினைக்கிறீர்கள்? பெரிய சாமியின் தொட்டி முன்னால் ஈ, காக்காய் இருக்காது. சின்னச் சாமியின் வரிசை கோயில் வாசலைத் தாண்டி மாதா சிலை இருக்கும் கெபி வரைக்கும் நிற்கும்.

பெரிய சாமிக்குக் காது கூர்மை. குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். "போன மாசமும் இதைத்தானே சொன்னே?" என்று அவர் கேட்டால் பின்னால் நிற்கிற நாலு பேருக்குக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் அவர் பொறாமையைப் பற்றிப் பேசினால், முந்தின நாள் பொறாமையைச் சொல்லிவிட்டு வந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். பாவம், அவர் யாரையும் மனதில் வைத்துப் பேசியிருக்க மாட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

சின்னச் சாமியிடம் அந்தத் தொல்லை கிடையாது. என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவார். மன்னிப்புச் செபத்தைக் கன்னடத்தில் சொல்வார். கொலைகாரன் வந்தாலும் கொத்தமல்லி திருடினவன் வந்தாலும் ஒரே அபராதம்தான், மூன்று அருள் நிறைந்த மரியே. இது செல்லுமா செல்லாதா என்று வரிசையில் நின்றபடியே பெண்கள் வேதசாஸ்திரம் பேசுவோம். எங்கள் தெருவில் இருந்த ரயில்வேக்காரர் மனைவிதான் கடைசியில் தீர்ப்புச் சொல்வாள்.

"கேக்கறது கடவுள்தானே அக்கா? அவருக்குத் தமிழ் பருத்தல்வா, வருமில்லே? நடுவுல சாமி டெலிபோன் கம்பி மாதிரி. நாம பேசறது கம்பிக்குப் புரியணுமா என்ன?"

நானும் அந்தக் கம்பியில்தான் பேசிக்கொண்டிருந்தேன். என் பாவம் எப்போதும் ஒன்றுதான், முன்கோபம். அக்ரஹாரம் பக்கம் ஒரு கன்னடப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை, வீட்டில் இரண்டு பிள்ளைகள், ஒரு புருஷன். கோபத்துக்குப் பஞ்சமே இல்லை. அதைத் தமிழில் கொட்டிவிட்டு, மூன்று மரியே சொல்லி முடித்து, லேசாக வீட்டுக்கு வந்து மறுபடி ஆரம்பிப்பேன்.

அப்பா போன பிறகு அம்மா எங்களோடுதான் இருந்தாள். அவள் பிறந்து வாழ்க்கைப்பட்டதெல்லாம் கௌதள்ளியைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் கிறிஸ்தவத் தமிழர் ஊர். மைசூருக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் அவளுடைய பேச்சில் ஒரு சொல் மாறவில்லை. பெரிய சாமி மட்டும் இருந்த காலத்தில் ஈஸ்டர் பாஸ்காவுக்கு ஒருமுறை, கிறிஸ்துமசுக்கு ஒருமுறை என்று கடனுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்துகொண்டிருந்தவள், சின்னச் சாமி வந்த பிறகு வாரம் தவறாமல் போக ஆரம்பித்தாள். போனால் லேசில் எழுந்து வரமாட்டாள். பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

"அப்படி என்னம்மா சொல்றே அவருகிட்ட?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"எம்பாவம் எனக்கு, உம்பாவம் உனக்கு. கூட்டாஞ்சோறா இது, பங்கு போட?" என்றாள்.

வயதாக வயதாகப் பக்தி கூடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் அம்மாவுக்கு என்ன பெரிய பாவம் இருந்துவிடப் போகிறது?

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் சின்னச் சாமி என்னை நிறுத்தினார். நான் தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிக்கிறவள் என்பது அவருக்குத் தெரியும். பேச்செல்லாம் கன்னடத்தில்தான். "டீச்சரே, எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுங்கள்" என்றார். என்ன அவசரம் என்று கேட்டேன். அவர் செருப்பைப் பார்த்தபடி பேசினார்.

"சனிக்கிழமை ராத்திரி எனக்குத் தூக்கம் வருவதில்லை. அழுகிறார்கள், என்னவோ சொல்கிறார்கள், நான் தலையை ஆட்டுகிறேன். ரேஷன் கடைச் சாமான்களை வரிசையாகச் சொன்னால்கூட மன்னித்து அனுப்பியிருப்பேன். மருந்து தெரியாத கம்பவுண்டர் எல்லாருக்கும் ஒரே சிரப்பை ஊற்றுவது மாதிரி இருக்கிறது. இதற்காகவா நான் குருவானேன்?"

அந்த வரிசையை நினைத்து எனக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது, அப்புறம் வெட்கமாகவும் இருந்தது. அந்த மனிதர் குற்ற உணர்ச்சியில் கிடக்கிறார், நாங்கள் அவருடைய அறியாமையை நிழற்குடையாக்கி உட்கார்ந்திருக்கிறோம். சரி என்றேன். பேச வரும்வரை யாருக்கும் சொல்ல வேண்டாம், வந்ததும் நானே கோயிலில் அறிவிக்கிறேன் என்று கேட்டுக்கொண்டார். அதற்கும் சரி என்றேன்.

கோயில் அலுவலக வராந்தாவில், எல்லார் கண்ணும் படும்படி ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு பாடம் நடந்தது. என்னையும் அவரையும் சேர்த்துப் புரளி கிளப்ப அந்தப் பங்கில் யாரும் மெனக்கெடவில்லை. நான் அவர் முன்னால் மேசையைத் தட்டித் தட்டிக் கத்துவதைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணமே வந்திருக்காது. ஏதோ பூசைச் செபம் படிக்கிறார் என்று விட்டுவிட்டார்கள்.

செபப் புத்தகமும் நற்செய்தியும்தான் பாடநூல். என் கையில் வேறென்ன இருந்தது? நான் படித்ததே கன்னடப் பள்ளியில். அம்மா கட்டாயப்படுத்தி உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்த வேதத் தமிழ்தான் என் எழுத்துத் தமிழ். ஆகவே அவருக்கும் அதுவே வந்தது. பால்காரரிடம் "உமக்குச் சமாதானம்" என்றார். தண்ணீர் கேட்டால் சிலுவையில் தொங்கிக்கொண்டு கேட்பது போல இருக்கும். "ஃபாதர், வீட்டில் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள்" என்று தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு வீட்டு வார்த்தைகளுக்கு இறங்கினோம். மாமியார், மருமகள், கள்ளக்கணக்கு, சாபம், சண்டை, வஞ்சம். பாவத்துக்கு வேண்டிய தமிழையெல்லாம் நானே யோசித்துப் பொறுக்கிக் கொடுத்தேன். பாதி என் சொந்தச் சரக்கு.

மழைக்காலம் முடிவதற்குள் காது திறந்துவிட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அபராதம் மாற ஆரம்பித்தது. ரயில்வேக்காரர் மனைவி குழம்பிப் போய் வந்தாள்.

"அக்கா, ஒரு வாரம் மாமியாருக்கு நீயே காபி போட்டுக் குடுன்னு அபராதம் குடுத்துட்டாரு, கன்னடத்துல. நான் மாமியாரைப் பத்திச் சொன்னது வாஸ்தவம். ஆனா தமிழ்லதானே சொன்னேன்?"

"எல்லா வீட்டுலயும் மாமியார் இருக்காங்க. குத்துமதிப்பா சொல்லிருப்பாரு" என்றேன். அவரிடம் போய், இது சரியில்லை, அறிவித்துவிடுங்கள் என்று சண்டை போட்டேன். "காது வந்துவிட்டது, நாக்கு இன்னும் வரவில்லை. அறிவித்த மறுநாளே யாரும் வரமாட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள், ஆறுதலாக நாலு வார்த்தை பேசத் தெரியட்டும்" என்றார். நான் பொறுத்தேன். பொறுத்தேன் என்பதைவிட, வேறு வரிசைக்கு மாறிக்கொண்டேன் என்பது சரி. அடுத்த சனிக்கிழமை பெரிய சாமியின் தொட்டிக்குப் போனேன். ஏன் அங்கே போகிறாய் என்று அம்மா கேட்டாள். கூட்டம் இல்லை, சீக்கிரம் முடியும் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, தமிழ் தெரியாத சாமியாரின் வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

அதற்குப் பின் ஒரு பாடத்தில் சின்னச் சாமி சில வார்த்தைகளுக்குப் பொருள் கேட்டார். வழக்கமாகக் கேட்பதுதான், ஞாபகத்தில் இருப்பதை வரிசையாகச் சொல்வார். அதில் ஒன்று பொடக்காளி.

"வீட்டுக்குப் பின்புறம். கன்னடத்தில் ஹித்தலு" என்றேன். "எங்கள் பக்கத்துச் சொல் ஃபாதர். எங்கே பிடித்தீர்கள்?"

எங்கோ காதில் விழுந்தது என்றார். பிறகு ஒரு வாக்கியத்தைத் தமிழில் அமைத்துக் கொடுக்கச் சொன்னார். ஞானஸ்நானம் வாங்காமலே குழந்தை இறந்துபோன ஒரு தாய்க்குச் சொல்லக்கூடிய வாக்கியம். அப்படிப்பட்ட குழந்தைக்கு மோட்சமும் கிடையாது, நரகமும் கிடையாது, இரண்டுக்கும் நடுவே வெளிச்சமில்லாத ஓர் இடத்தில் நிற்கும் என்று பழைய ஆட்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். சபை இப்போது அப்படிச் சொல்வதில்லை, இறைவனின் இரக்கத்தில் விட்டுவிடச் சொல்கிறது என்றார். ஆஸ்பத்திரியில் யாரையோ பார்க்கப் போகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, நான் உற்சாகமாக வாக்கியம் கோத்தேன்.

"அந்தக் குழந்தை கடவுள் கையில பத்திரமா இருக்கும்மா. நீங்க ஒரு தப்பும் பண்ணல."

அவர் சொன்னார். நான் திருத்தினேன். "ஃபாதர், நீங்கள் சொல்வது போலீஸ்காரர் சொல்வது மாதிரி இருக்கிறது. 'அம்மா'வில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த இடத்தில்தான் ஆறுதலே இருக்கிறது." மறுபடி மறுபடி சொல்ல வைத்தேன். குழந்தையின் ழ அவருக்கு வரவேயில்லை, விட்டுவிட்டேன். அம்மாவில் நிற்க மட்டும் கற்றுக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை நான் பெரிய சாமியிடம் என் கோபத்தைச் சொல்லி முடித்து, அபராதம் செபித்துக்கொண்டிருந்தேன். அம்மா இடப்பக்கத் தொட்டியிலிருந்து எழுந்தாள். பீடத்தைப் பார்த்து முழந்தாள் போடவில்லை. அபராதத்துக்கு உட்காரவும் இல்லை. நேராக வாசலுக்குப் போனாள். வெளியே வந்து பார்த்தபோது அவள் செருப்பு அங்கேயே கிடந்தது. வீட்டுக்கு ஓடினேன். அடுப்பங்கரையில் வெறுங்காலோடு நின்று, கொதிக்கிற உலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்றேன். தலைவலி என்றாள்.

அடுத்த சனிக்கிழமை முழங்கால் வலி என்றாள். அதற்கடுத்த வாரமும் அதேதான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் வந்தாள், நன்மை வாங்க, அதாவது பீடத்தில் கொடுக்கும் அப்பத்துக்கு, எழுந்திருக்கவில்லை. நன்மைக்கு எழாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தால் எங்கள் கோயிலில் அது பத்து பேர் கண்ணில் படும். எல்லாரும் வரிசையாகப் போக, அவள் மட்டும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த நாட்களில் ஒன்றில்தான் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளே இருந்து குரல் கொடுத்தாள்.

"பொடக்காளியில துணி கெடக்குது பாரு. மழ வரும்போல, எடுத்துப்போடு."

எழுந்து போய்க் கொடிக்கடியில் நின்றேன். கையில் பிள்ளையின் சட்டை. பொடக்காளி. மைசூரில், எங்கள் பங்கில், அந்தச் சொல்லைச் சொல்ல அம்மாவைத் தவிர வேறு ஆள் இல்லை. அந்தச் சொல்லைக் கேட்ட அதே பாடத்தில்தான் அவர் அந்த வாக்கியத்தையும் கேட்டார். தூறல் விழ ஆரம்பித்தது. துணி நனைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன பண்றே அங்க என்று அம்மா சத்தம் போட்டபோதுதான் கை நகர்ந்தது.

மறுநாள் சின்னச் சாமியிடம் போனேன். உட்காரவில்லை. "அந்த வார்த்தையை யாரிடம் கேட்டீர்கள்?" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. முகத்தில் ரத்தம் இல்லை. அவருக்கும் அந்த நிமிஷத்தில்தான் புரிந்தது என்று நினைக்கிறேன். அந்தத் தாய் யாருடைய அம்மா என்பதெல்லாம் அவர் யோசித்ததே இல்லை. சல்லடைக்கு அந்தப் பக்கம் இருட்டு, குரல் மட்டும்தான்.

"டீச்சரே, நான் எதுவும் சொல்லவில்லை, நீங்கள் எதுவும் கேட்கவில்லை" என்றார் கடைசியில். "தொட்டியில் பேசியது எப்படியாவது மூன்றாம் ஆள் காதுக்குப் போய்விட்டால், எனக்கு இருக்கிற ரகசிய முத்திரை அந்த ஆளுக்கும் உண்டு. யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னவரிடமே, எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. கண்ணால்கூட."

"அப்போ நான் வீட்டில் எப்படி இருப்பது?"

"எப்போதும் போல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உங்களுக்கு அம்மா இருக்கிறார்களா ஃபாதர்?" என்று கேட்டேன். அவர் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார். "வாய் திறந்து சொல்லிவிடாமல் இருக்கத்தான் எங்களைப் பழக்கினார்கள். பொருள் கேட்பதைப் பற்றி யாரும் சொல்லித்தரவில்லை" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது. திட்ட வந்த எனக்கு, நானும்தானே மேசை தட்டிச் சொல்லிக்கொடுத்தேன் என்று தோன்றியது. திரும்பி நடந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில், பெரிய சாமியின் பிரசங்கம் முடிந்ததும், சின்னச் சாமி ஒலிபெருக்கி முன்னால் வந்து நின்றார். என் தமிழில், அதாவது பாதி வேதமும் பாதி வீடுமாகப் பேசினார்.

"சகோதர சகோதரிகளே, சில காலமாக நான் தமிழ் கற்று வருகிறேன். தொட்டியில் நீங்கள் சொல்வது எனக்கு விளங்குகிறது. முன்னமே உங்களுக்கு இதை அறிவிக்காதது என் குற்றம். என்னை மன்னியுங்கள்."

மார்பில் ஒருமுறை தட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றார். யார் சொல்லிக்கொடுத்தது என்று அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. வராந்தாவை எல்லாரும் பார்த்திருந்தார்கள். ரயில்வேக்காரர் மனைவி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். வெளியே வந்ததும், "ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே அக்கா, இவ்வளவு நாள் பக்கத்துல நின்னீங்களே" என்றாள். அம்மா மட்டும், நடக்கும்போது, "அந்தச் சின்னச் சாமியும் பாவந்தான்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு தொட்டிகளும் காலி. அந்த வருஷம் எங்கள் பங்கில் பாவமே நடக்கவில்லை போலும். சின்னச் சாமி ஆளில்லாத தொட்டியில் கடைசிவரை உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்தார். கொஞ்ச நாளில் அவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவரே கேட்டு வாங்கிக்கொண்டார் என்று பேச்சு. கிளம்பும்போது என்னைப் பார்த்து, சரியான தமிழில், "போய் வருகிறேன்" என்றார். நான் கன்னடத்தில் பதில் சொன்னேன்.

அவர் எனக்கு விட்டுப்போனது அந்த முத்திரைதான். அதைச் சுமந்துகொண்டு வீட்டில் எப்போதும் போல இருக்க முயன்றேன். முடியவில்லை. அம்மாவிடம் அளவுக்கு மீறிக் குழைந்தேன். கேட்காமலே காலைப் பிடித்துவிட்டேன், அவளுக்குப் பிடித்த பண்டத்தைத் தேடித் தேடி வாங்கி வந்தேன். "என்னத்துக்கு இப்படிச் சுத்திச் சுத்தி வர? எனக்கென்ன சாவா வந்திருச்சு?" என்று எரிந்து விழுந்தாள். அழுகை வந்தால் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அண்ணனா, அக்காவா என்றுகூடத் தெரியாத ஒரு பிள்ளைக்காக அழுதேன். அவள் வாரம் தவறாமல் அந்த வரிசையில் நின்றது ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். பெரிய சாமி கட்டாயம் சொல்லியிருப்பார், மன்னித்துவிட்ட பாவத்தை மறுபடி மறுபடி கொண்டுவராதே, அது கடவுளை நம்பாததற்குச் சமம் என்று. அவருடைய முறையில் அது சரி. அதனால் அம்மா, திருப்பிப் பேசத் தெரியாத ஒரு காதைத் தேடிப் போனாள். அந்தக் காதுக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுத்தேன்.

அவரைக்காய்க் காலம் வந்தது. கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம், பிள்ளைகள் தெருவில் விளையாடப் போயிருந்தார்கள். பிதுக்கம் பருப்புக்காக ஊறவைத்த அவரைக் கொட்டையை முறத்தில் கொட்டி, நானும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து தோலைப் பிதுக்கிக்கொண்டிருந்தோம். அவள் முறத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"உனக்கு மூத்தது ஒண்ணு இருந்துது கண்ணு. பொட்டப்புள்ள."

என் கை நிற்க வேண்டுமா, நிற்காமல் இருக்க வேண்டுமா என்று யோசித்தேன். நிறுத்தினேன். "அப்படியாம்மா?" என்றேன். குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

"எட்டாம் மாசமே பொறந்திருச்சு. உங்கப்பன் சாமியாரக் கூட்டியாரோணும்னு ஓடுனாரு. மருத்துவச்சி சொன்னா, இது தங்காது, நீயே தண்ணிய ஊத்திச் செபத்தச் சொல்லிப்போடுன்னு. ஆவத்துக்கு யாரு வேணாலும் ஊத்தலாமல்லோ, உனக்குந்தான் தெரியும். சொம்புத் தண்ணி கைக்கு எட்டுற தூரத்துலதான் இருந்துது. நான் ஊத்துல."

"ஏம்மா?"

"ஊத்துனா, அது சாகப்போவுதுன்னு நானே ஒத்துக்கிட்டாப்பல ஆயிருமல்லோ. அதான் ஊத்துல. மாரோட அணைச்சுட்டே இருந்தேன். அப்படியே போயிருச்சு. ஞானஸ்நானம் வாங்காதத கல்லறையில வெக்கக் கூடாதுன்னுட்டாங்க. ஊட்டுக்குப் பின்னாலதான்."

ஒரு கொட்டையைப் பிதுக்கினாள். அது வழுக்கி முறத்துக்கு வெளியே விழுந்தது. எடுக்கவில்லை.

"அந்தச் சின்னச் சாமி ஒரு வார்த்த சொன்னாரு. நல்லாத்தான் இருந்துது. மொதல்ல பக்குனு ஆயிருச்சு, அப்பறம் நல்லாத்தான் இருந்துது. ஆனா அவரு வேத்து மனுசரு. எம்மவ என்ன சொல்லுவாளோன்னு இருந்துது எனக்கு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். சாமியார் இல்லாமல், சல்லடை இல்லாமல், அவள் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு என் முகத்தைப் பற்றித்தான் கவலை. இப்போதுதான் கேள்விப்படுகிறவள் எவ்வளவு அழுவாள்? நான் அழ ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, மாதக்கணக்காகக் கிடப்பதெல்லாம் வந்துவிடும், அவள் கண்டுபிடித்துவிடுவாள். அவளிடம் சொல்ல நல்ல வாக்கியம் ஒன்றே ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அதை அவள் ஏற்கெனவே, நான் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்திச் சொன்ன வேறொருவர் வாயால் கேட்டுவிட்டாள். இன்னொன்று கோக்க நினைத்தேன், வரவில்லை. அவளே வாய் திறந்து சொன்ன பிறகு எந்த முத்திரையும் என்னைக் கட்டாது என்பது எனக்கு அப்போது தோன்றவேயில்லை. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தால் போதும். ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டாள்.

"விடும்மா. எல்லாம் பழைய கதைதானே" என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.

"ஆமா கண்ணு. பழைய கதைதான்" என்றாள்.

முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மீதிக் கொட்டையைப் பிதுக்க ஆரம்பித்தாள். நானும் கை நீட்டினேன். "உனக்கு நோட்டுத் திருத்தற வேல இருக்குமே, நீ போ. இத நான் பாத்துக்கறேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.